அந்தப் பையன் பந்தை எப்படிப் பிடிக்கிறான்?

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் நிம்மதி. நான் விசாரித்ததாகச் சொல். இங்கே பெரியவளுக்கு மன்ஹாட்டனில் இடம் கிடைத்துவிட்டது. நியூயார்க் மன்ஹாட்டன் இல்லை, கேன்சஸ் மன்ஹாட்டன். நான் எம்.எஸ். படித்த அதே கேன்சஸ் ஸ்டேட். ஆகஸ்டில் கொண்டுபோய் விடவேண்டும். காரின் பின் கண்ணாடியில் ஊதா நிற ஸ்டிக்கர் இப்போதே ஏறிவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

சரி, உன் பையன் விஷயத்துக்கு வருகிறேன், அதாவது நீ கண் வைத்திருக்கும் அந்த அமெரிக்கக் கால்பந்துக் கல்லூரி ஆட்டக்காரன் விஷயத்துக்கு. நீ அனுப்பிய வீடியோக்களை நிதானமாகப் பார்த்தேன். 5 அடி 7 அங்குலம், 165 பவுண்டு, நாற்பது யார்டு ஓட்டத்தில் 4.3 விநாடிக்குப் பக்கத்தில் வருவான் என்று ஊரே பேசுகிறது. கிக்-ஆஃபை, அதாவது ஆட்டத்தைத் தொடங்க எதிரணி உதைக்கும் பந்தை, வாங்கித் திருப்பி எடுத்து வந்து எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டி டச்டவுன் போடுகிறான். "ஏதாவது ஒரு தொழில்முறை என்எஃப்எல் அணி இவனை கிக் ரிட்டர்னராக எடுக்குமா?" என்று கேட்டிருக்கிறாய். எடுக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். ஆனால் டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துக் கல்லூரி ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில், கடைசிச் சுற்றுகளில் எடுக்க வேண்டும், அதுவும் பன்ட் ரிட்டர்னராக. பன்ட் என்றால் முன்னேற முடியாத அணி பந்தை உயரமாக உதைத்து எதிரணிக்குக் கொடுப்பது. நீ காட்டிய காரணம் அவன் வேகம். எனக்குப் பட்ட காரணம் வேறு. அதைத்தான் இந்தக் கடிதத்தில் விளக்கப்போகிறேன்.

முதலில் டிரை ஆர்ச்சரை நினைத்துப் பார். 2012இல் கென்ட் ஸ்டேட் 11 ஆட்டம் ஜெயித்த அந்த சீசன் முழுக்க நீ எனக்கு ஃபோன் போட்டு அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாய். 5 அடி 8 அங்குலம், 173 பவுண்டு. எந்த இடத்தில் பந்து கிடைத்தாலும் கோடு தாண்டிவிடுவார். 2014 பிப்ரவரியில் இண்டியானபொலிஸ் கம்பைனில் (டிராஃப்டுக்கு முன் அணிகள் ஆட்களைச் சோதிக்கும் முகாம்) 4.26 ஓடினார், எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் மூன்றாம் சுற்றில், 97வது ஆளாக எடுத்தார்கள். 2015 நவம்பரில் விட்டுவிட்டார்கள். சீசன் ஆட்டங்களில் ஒரு ரிட்டர்ன் டச்டவுன்கூட இல்லை. வேகம் குறைந்துவிட்டதா? இல்லவே இல்லை. கல்லூரியில் அவருக்குக் கிடைத்த அகலமான சந்துகள் அங்கே கிடைக்கவில்லை. முதல் ஆள் கை வைத்தாலே ஓட்டம் நின்றுவிட்டது. நேர்க்கோட்டில் நாற்பது யார்டு ஓடும் வேகத்தை ஆட்டத்தில் எப்போது காட்ட முடியும்? எல்லோரையும் தாண்டிய பிறகுதான். தாண்டுவதற்கு வேறு சரக்கு வேண்டும்.

அந்தச் சரக்கு என்ன என்பதை நான் கண்ணால் பார்த்தது டேரன் ஸ்ப்ரோல்ஸிடம். நான் மன்ஹாட்டனில் இருந்த காலத்தில்தான் அவர் அங்கே ஆடினார். 5 அடி 6 அங்குலம். வளாகத்தில் எதிரே வந்தால் கால்பந்து ஆடுபவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தொடையைப் பார்த்தால்தான் தெரியும். 2003 டிசம்பரில் கேன்சஸ் சிட்டியில் நடந்த எங்கள் கல்லூரி லீக்கான பிக் 12இன் இறுதி ஆட்டத்தில், நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த ஓக்லஹோமாவை நாங்கள் 35–7 என்று அடித்தோமே, அன்றைக்கு அவர் ஓடி எடுத்தது மட்டும் 235 யார்டு. அப்படியும் 2005 டிராஃப்டில் நான்காம் சுற்று வரை, 130வது இடம் வரை காத்திருந்தார். உயரம்தான் காரணம். 2007இல் சான் டியேகோவுக்காக இண்டியானபொலிஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஒரு கிக்-ஆஃபையும் ஒரு பன்ட்டையும் திருப்பி டச்டவுன் போட்டார். 2011இல் நியூ ஆர்லியன்ஸில் ஒரே சீசனில் ஓட்டம், கேட்ச், ரிட்டர்ன் எல்லாம் சேர்த்து 2,696 யார்டு, என்எஃப்எல் வரலாற்றில் அதற்குமுன் யாரும் தொடாத எண்ணிக்கை. 2019 சீசனோடு ஓய்வு பெறும்போது மொத்தம் 19,696.

நாற்பது யார்டில் ஆர்ச்சர் ஸ்ப்ரோல்ஸை எளிதாக முந்தியிருப்பார். ஆனால் ஸ்ப்ரோல்ஸ் கிட்டத்தட்ட 190 பவுண்டு. நம் ஆட்கள் "சின்ன உருவம்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். குட்டையாக இருப்பது வேறு, மெலிந்து இருப்பது வேறு. குட்டையாகவும் கனமாகவும் இருக்கிறவனுடைய இடுப்பு தரைக்குப் பக்கத்தில் இருக்கும். கட்டிப்பிடிக்க வருகிறவன் குனியவேண்டும், குனிந்தாலும் தோளும் முழங்காலும்தான் கையில் அகப்படும். மெலிந்தவனை ஒரு கையால் இழுத்துவிடலாம். உன் பையன் மெலிந்தவன்தான், அதை மறைத்துப் பேசிப் பயனில்லை.

அப்படியானால் எனக்கு அவனிடம் பிடித்தது எது? பந்தைப் பிடிக்கிற விதம்.

நவம்பர் நடுவில் புதன்கிழமை இரவு நடந்த ஒரு ஆட்டத்தை அனுப்பியிருந்தாயே, மிட்-அமெரிக்கன் என்ற கல்லூரி லீக்கின் அணிகள் டிவிக்காக வார நடுவில் ஆடுகிற ஆட்டம், ஏரிக் காற்று கொடியைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. நீ அதில் கடைசியில் வரும் 70 யார்டு ரிட்டர்னுக்காக அனுப்பினாய். நான் அதைவிட்டு மற்ற பன்ட்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒரு நல்ல பன்ட் நாலரை விநாடியாவது காற்றில் நிற்கும். எதிரணியின் இரண்டு ஓரக்காரர்கள் அதற்குள் நாற்பது யார்டு ஓடி வந்துவிடுவார்கள். அதாவது பந்தும் ஆளும் ஒரே நேரத்தில் வந்து சேரும். கிரிக்கெட்டில் ஆகாயத்துக்குப் போன கேட்சைப் பிடிக்கும்போது உன்னை இடித்துத் தள்ள இரண்டு பேர் முழு வேகத்தில் ஓடி வந்தால் எப்படி இருக்கும், அப்படி. இதில் பந்து வேறு உருண்டை இல்லை. மூக்கு கீழே திரும்பினால் பந்து இன்னும் தூரம் போகும், மூக்கு மேலேயே நின்றால் முன்னாடியே விழும். இடதுகால் பன்டர் அடித்தால் சுழற்சி மறுபக்கம், பந்து விலகுவதும் மறுபக்கம்.

உன் பையன் இதையெல்லாம் படிக்கிறான். பந்து காலிலிருந்து கிளம்பியதும் அவன் ஓடிவிடுவதில்லை. ஒரு கணம் பார்க்கிறான், பிறகு நேராகப் பந்து விழப்போகும் இடத்துக்குப் போகிறான். கடைசி நேரத்தில் பின்னால் தள்ளாடிப் பிடிக்கிற வேலையே இல்லை. முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு நெஞ்சுக்குக் கீழே வாங்குகிறான். பந்து மேலே இருக்கும்போதே ஒரு தடவை கீழே கண்ணை இறக்கி யார் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு மறுபடி மேலே பார்க்கிறான். இதை ஸ்லோ மோஷனில் நிறுத்திப் பார். இருபத்தோரு வயசுப் பையனிடம் நான் இதை அதிகம் பார்த்ததில்லை. பத்து யார்டு கோட்டில் குதிகாலை வைத்து நிற்கிறான், அதற்குப் பின்னால் போகிற பந்தைத் தொடுவதில்லை. ஆள் நெருங்கிவிட்டால் கையை உயர்த்தி ஃபேர் கேட்ச் (என்னை இடிக்காதே, நானும் ஓடமாட்டேன் என்ற சைகை) கேட்கிறான், வீரம் காட்ட நினைப்பதில்லை. அந்தக் காற்றிலும் ஒரு பந்துகூட அவன் கையிலிருந்து துள்ளவில்லை.

ஹைலைட் வீடியோவில் இதெல்லாம் வராது. ஆனால் வேலை கிடைப்பதும் போவதும் இதில்தான். 2012 ஜனவரியில் சான் ஃபிரான்சிஸ்கோவின் கைல் வில்லியம்ஸ் நினைவிருக்கிறதா? காயம்பட்ட டெட் கின்னுக்குப் பதிலாகப் பன்ட் வாங்க வந்தவர். சூப்பர் பவுலுக்குப் போகும் ஆட்டம். ஒரு பந்து முழங்காலை உரசிப் போய் எதிரணிக்குக் கிடைத்தது. அப்புறம் கூடுதல் நேரத்தில் கையிலிருந்தே ஒன்று பறிபோனது. நியூயார்க் ஜயண்ட்ஸ் 20–17 என்று ஜெயித்தார்கள். அந்தப் பிள்ளைக்குக் கொலை மிரட்டல்கூட வந்தது. பயிற்சியாளர்கள் அதை மறக்கமாட்டார்கள். ஐந்து டச்டவுன் போட்டு மூன்று பந்தைத் தவறவிடுகிறவனைவிட, டச்டவுனே போடாமல் ஒவ்வொரு பன்ட்டையும் பத்திரமாக வாங்கி எட்டு யார்டு எடுத்துவருகிறவனை எந்தப் பயிற்சியாளரும் தேர்ந்தெடுப்பார்.

டிரிண்டன் ஹாலிடேயின் கதையும் இதுதான். எல்எஸ்யூ கல்லூரியில் ஓடியவர், 5 அடி 5 அங்குலம், 2009இல் கல்லூரிகளுக்கான தேசிய நூறு மீட்டர் சாம்பியன். 2010இல் ஹியூஸ்டன் ஆறாம் சுற்றில் எடுத்தது, 2012 நடுவில் விட்டுவிட்டது. டென்வர் எடுத்துக்கொண்டது. 2013 ஜனவரியில் பால்டிமோருக்கு எதிரான பிளேஆஃபில் 90 யார்டு பன்ட் ரிட்டர்ன், 104 யார்டு கிக்-ஆஃப் ரிட்டர்ன், இரண்டும் டச்டவுன். ஒரே பிளேஆஃப் ஆட்டத்தில் இரண்டையும் செய்த முதல் ஆள் அவர்தான். அந்த வேகம் கடவுள் கொடுத்தது. ஆனால் பந்து கையில் நிலைக்கவில்லை. அடுத்த சீசன் முழுக்க டென்வர்காரர்கள் ஒவ்வொரு பன்ட்டுக்கும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதோடு டென்வரில் அவர் காலம் முடிந்தது.

இப்போது கிக்-ஆஃப். இங்கேதான் நீயும் நானும் வேறுபடுகிறோம். உன் பையனின் கிக்-ஆஃப் டச்டவுன்களை வைத்து அவனை மதிப்பிடாதே. கல்லூரியில் இன்னும் பழைய முறைதான்: எதிரணி முழு மைதானத்தையும் ஓடிக் கடந்து வரவேண்டும், அதனால் நடுவில் பெரிய இடைவெளி திறக்கும், 4.3 ஓடுகிறவன் அதில் நுழைந்தால் அவ்வளவுதான். என்எஃப்எல்லில் 2024இலிருந்து அந்த ஆட்டமே வேறு. அதற்கு முன்னால் கிக்-ஆஃப் செத்தே போயிருந்தது. 2024 பிப்ரவரி சூப்பர் பவுலில் ஒரு கிக்-ஆஃபைக்கூட யாரும் திருப்பி எடுத்து ஓடவில்லை, எல்லாமே டச்பேக், அதாவது பந்து கடைசிக் கோட்டுக்குப் பின்னாலுள்ள எண்ட் ஸோனுக்குப் போய், ஓட்டமே இல்லாமல் ஒரு குறித்த கோட்டிலிருந்து ஆட்டம் தொடர்வது. அதை மாற்றத்தான் இந்தப் புது விதி. உதைப்பவன் தன் பக்கத்து 35ஆம் யார்டு கோட்டில் நிற்கிறான், ஆனால் அவனுடைய மற்றப் பத்துப் பேரும் ஏற்கெனவே நம் பக்கத்து 40ஆம் கோட்டில் நிற்கிறார்கள். நம் பிளாக்கர்கள், அதாவது ரிட்டர்னருக்காக எதிராளிகளைத் தடுப்பவர்கள், 30க்கும் 35க்கும் நடுவில். பந்து தரையையோ ரிட்டர்னரையோ தொடும்வரை இவர்கள் யாரும் நகரக்கூடாது. பந்து இருபதாம் கோட்டுக்குள் விழுந்தால் எடுத்து ஓடித்தான் ஆகவேண்டும். முதல் வருஷம் டச்பேக்குக்கு 30ஆம் கோடு. 2025இல் அதை 35 ஆக்கிவிட்டார்கள். எண்ட் ஸோனுக்குள் உதைத்தால் அவ்வளவு யார்டு இலவசம் என்பதால் எல்லோரும் பந்தை மைதானத்துக்குள்ளேயே போடுகிறார்கள்.

இதனால் என்ன ஆகிறது? இடைவெளி திறக்கும், ஆனால் ஒரு கணம்தான். பிளாக்கர்களும் எதிராளிகளும் ஐந்தே யார்டு தள்ளி நிற்கிறார்கள். வளைந்து வளைந்து ஓரத்துக்குப் போக நேரமே இல்லை. பந்தை வாங்கிய வேகத்தில் ஒரே ஒரு வெட்டு, நேராக உள்ளே. அங்கே யாராவது ஒருவன் கை வைப்பது உறுதி, அந்தக் கையை உதறிவிட்டு ஓடவேண்டும். போதாக்குறைக்கு, உதைப்பவர்கள் இப்போது பந்தைத் தாழ்வாக, சுழற்சி இல்லாமல் அடிக்கிறார்கள். அது தரையில் பட்டு எந்தப் பக்கம் துள்ளும் என்று அடித்தவனுக்கே தெரியாது. இந்த வேலைக்கு ரன்னிங் பேக் (பந்தோடு கூட்டத்துக்குள் புகுந்து ஓடுகிறவர்) உடம்பு வேண்டும். 165 பவுண்டுக்காரன் பதினேழு ஆட்டம் இதைத் தாங்குவானா என்பதில் எனக்குச் சந்தேகம் பலமாக இருக்கிறது.

நீ உடனே டர்பின் பெயரை எடுப்பாய். சரிதான், கவான்டே டர்பின் 153 பவுண்டுதான். டிசியூ கல்லூரியில் ஆடினார், டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. 2022இல் யுஎஸ்எஃப்எல் என்ற சின்ன லீக்கில் நியூ ஜெர்சிக்காக ஆடி அந்தத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார், அதே வருஷம் டாலஸ் அழைத்தது. 2024 நவம்பரில் வாஷிங்டனில் பந்தைக் கைநழுவவிட்டு, பொறுக்கி எடுத்து, ஒரு சுற்றுச் சுற்றி, 99 யார்டு ஓடினாரே, அதைப் பல தடவை பார்த்துவிட்டேன். புது விதியில் மெலிந்தவனும் ஜெயிக்க முடியும் என்பதற்கு அவர்தான் சாட்சி. ஆனால் அவருடைய நேர்வேகத்தைவிட நான் கவனிப்பது அவர் நிற்கும் நிலையிலிருந்து முழு வேகத்துக்குப் போக எடுத்துக்கொள்ளும் இரண்டு மூன்று எட்டுகளைத்தான். உன் பையனுக்கு வேகம் வர ஆறேழு எட்டு ஆகிறது. பன்ட்டில் அது சமாளிக்கக்கூடியது. கிக்-ஆஃபில் அதற்குள் சந்து மூடிவிடும்.

அடுத்தது, ரிட்டர்ன் தவிர அவன் என்ன செய்வான் என்ற கேள்வி. அணியில் 53 பேர், ஆட்ட நாளில் உடை மாட்டுவது அதிகபட்சம் 48. ஒரு ஆட்டத்தில் நாலைந்து பன்ட் வாங்குவதற்காக மட்டும் ஒரு இடத்தை ஒதுக்க அணிகளுக்கு மனசு வராது. டெவின் ஹெஸ்டர் மாதிரி ஒருவர் இருந்தால் ஒதுக்கலாம். 2007 சூப்பர் பவுலின் முதல் உதையையே 92 யார்டு திருப்பிக் கொண்டுபோனவர். முழுக்க ரிட்டர்னுக்காகவே புகழ் அரங்கத்துக்கு 2024இல் போன முதல் ஆள். அவரையே சிகாகோ கார்னர்பேக்காக (எதிரணி ரிசீவரைத் தடுப்பவர்) எடுத்து, பிறகு ரிசீவராக (எறியும் பந்தைப் பிடிப்பவர்) மாற்றிப் பார்த்தது என்பதை நினைத்துக்கொள்.

எங்கள் கேன்சஸ் ஸ்டேட் டைலர் லாக்கெட்டைப் பார். 5 அடி 10 அங்குலம். 2015இல் சியாட்டில் பல டிராஃப்ட் இடங்களைக் கொடுத்து மேலே ஏறி வந்து மூன்றாம் சுற்றில் எடுத்தது. முதல் வருஷமே ரிட்டர்னராக ஆல்-புரோ, அதாவது லீக்கின் சிறந்தவர்கள் பட்டியலில் இடம். அவருக்கு அந்த விலை கொடுத்தது ரிட்டர்னுக்காக மட்டும் இல்லை. பிற்பாடு 2019 முதல் 2022 வரை ஒவ்வொரு சீசனும் ஆயிரம் யார்டுக்கு மேல் பந்து பிடித்தார். மாறாக டேவான் ஆஸ்டினுக்கு 2013இல் எட்டாவது இடத்தைக் கொடுத்தது செயின்ட் லூயிஸ். 98 யார்டு பன்ட் ரிட்டர்ன் எல்லாம் பிரமாதம்தான். ஆனாலும் எட்டாவது இடத்துக்கு அது போதாது. உன் பையன் ஸ்லாட் ரிசீவராக (உள்பக்கம் நிற்கும் ரிசீவர்) ஓடும் குறுக்கு வழிகள் பரவாயில்லை, கையும் நல்ல கை. ஆனால் அவன் மேல் ஆள் ஒட்டி நின்றால் விடுபடத் தெரியவில்லை. ஆகவே ஆறாம் ஏழாம் சுற்று. அல்லது டிராஃப்ட் முடிந்தபின் நேரடி ஒப்பந்தம். அதுவும் கெட்டதில்லை, எந்த அணிக்குப் பன்ட் வாங்க ஆள் இல்லை என்று பார்த்து அவனே தேர்ந்தெடுக்கலாம்.

இன்னொரு வழியும் உண்டு, அதை அவன் குடும்பம் சின்னதாக நினைக்கவேண்டாம். பிராண்டன் பேங்க்ஸ் என்று எங்கள் கல்லூரியில் ஒருவர் ஆடினார். 5 அடி 7 அங்குலம், 150 பவுண்டு சொச்சம். யாரும் டிராஃப்ட் செய்யவில்லை. வாஷிங்டன் சேர்த்துக்கொண்டது, 2010இல் டெட்ராய்ட்டுக்கு எதிராக 96 யார்டு கிக்-ஆஃப் ரிட்டர்ன் ஒன்று போட்டார். மூன்று சீசனில் அங்கே கதை முடிந்தது. பிறகு கனடாவில் ஹாமில்டனுக்குப் போனார். அங்கே மைதானம் 65 யார்டு அகலம். ஃபேர் கேட்ச் கிடையாது, ஆனால் ரிட்டர்னர் பந்தைத் தொடும்வரை எதிராளி ஐந்து யார்டு தள்ளி நிற்கவேண்டும். அந்த ஐந்து யார்டு அவர் மாதிரி ஆளுக்கு எவ்வளவு பெரிய வரம்! 2014இல் கனடா லீக்கின் கிரே கோப்பை இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிஷத்தில் ஒரு பன்ட்டை 90 யார்டு திருப்பி எடுத்துவந்து வென்றுவிட்டார் என்றே நினைத்தோம். கூட்டாளி ஒருவரின் தவறான பிளாக்குக்காக நடுவர் அதை ரத்து செய்துவிட்டார், கேல்கரி 20–16 என்று கோப்பையை எடுத்துக்கொண்டது. எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் பேங்க்ஸ் நின்றுவிடவில்லை. ரிசீவராக வளர்ந்து 2019இல் அந்த லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதையே வாங்கினார்.

ஆகவே உன் பையனுக்கு நான் யோசனை சொல்லும் இடத்தில் இருந்தால், நாற்பது யார்டு ஓட்டத்துக்காக மாதக்கணக்கில் பயிற்சி எடுக்காதே என்பேன். அந்த எண் ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்ததுதான். வேகம் குறையாமல் ஏழெட்டுப் பவுண்டு காலிலும் இடுப்பிலும் ஏற்றட்டும். தாழ்வாகத் துள்ளி வரும் உதைகளைத் தினமும் வாங்கிப் பழகட்டும். கல்லூரித் திடலில் ஸ்கவுட்கள், அதாவது அணிகளுக்காக ஆள் தேடுகிறவர்கள், வரும் நாளில் யாரையாவது பன்ட் அடிக்கச் சொல்லி, கையில் ஏற்கெனவே ஒரு பந்து இருக்கும்போதே இன்னொன்றைப் பிடித்துக் காட்டட்டும். கைகளைப் பார்க்க வந்தவர்கள் அதை எழுதிக்கொள்வார்கள்.

உனக்கு ஒரு வேலை. அவனுடைய கிக்-ஆஃப் ஹைலைட் இனி வேண்டாம். தோற்ற ஆட்டங்களின் முழுப் பதிவு கிடைத்தால் அனுப்பு, குறிப்பாக பிளாக்கிங் சரியாக அமையாத ஆட்டங்கள். அப்படிப்பட்ட நேரத்தில் பக்கவாட்டில் ஓடி இன்னும் ஐந்து யார்டு இழக்கிறானா, தலையைக் குனிந்து நேராக நாலு யார்டு எடுக்கிறானா என்று பார்க்கவேண்டும். அப்புறம் ஸ்கவுட் நாளுக்கு நீ நேரில் போகிறாயென்றால், நாற்பதின் மொத்த நேரத்தை விட்டுவிட்டு முதல் பத்து யார்டின் நேரத்தை மட்டும் விசாரித்து எழுது.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. செப்டம்பரில் மன்ஹாட்டனில் ஒரு சனிக்கிழமை ஆட்டத்துக்கு டிக்கெட் எடுக்கப்போகிறேன், குடும்பத்தோடு வா. தேதி முடிவானதும் ஃபோன் செய்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்